பதினைந்து வெள்ளி

ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா, அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். 11 வருடமாகிறது. அம்மா தோட்டத்திலேயே இருந்து, செம்பனைக்கு உரம் போட்டு என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். இப்போது அப்பா திரும்பி வந்து அத்தை வீட்டில் தங்கியிருக்கிறார். சபை மூப்பர் வந்து, "ஓசியா தீர்க்கதரிசியே கோமேரைச் சேர்த்துக்கொண்டாரே, நீங்களும் மனசு வையுங்கம்மா" என்கிறார். அம்மா வாயே திறப்பதில்லை. நான் எடுத்துச் சொல்லலாமா?

ம.

அன்புள்ள ம.,

மூப்பர் சொன்னது வேதத்தில் இருப்பதுதான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டு. வடக்கே இஸ்ரவேல் ஜனங்கள் கடவுளை விட்டு பாகால் என்ற வேறு தெய்வத்தின் பின்னால் போயிருந்தார்கள். நீங்கள் எனக்குச் செய்தது இதுதான் என்று அவர்களுக்குக் காட்ட, கடவுள் ஓசியாவின் வீட்டையே எடுத்துக்கொண்டார். ஓசியாவின் மனைவி கோமேர், அவரை ஏமாற்றி வேறு ஆண்களிடம் போனவள். அந்தக் கதையில் கடவுளின் இடத்தில் நிற்பது ஏமாற்றப்பட்டவர். உங்கள் வீட்டில் அது அம்மா. அவளை நேசி என்ற சொல்லும் நேராக ஓசியாவுக்குத்தான் வந்தது. கோமேரின் சொந்தக்காரர்கள் யாரும் வந்து வாசலில் உட்காரவில்லை. விட்டுப்போனவர் பக்கம் நின்றுகொண்டு அதைக் காட்டி அம்மாவிடம் கடன் வசூலிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓசியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஓசியா அந்தப் பெண்ணை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கிறார். (பெயர் அங்கே இல்லை, கோமேர் என்றுதான் பெரும்பாலும் கொள்கிறோம்.) நமக்கு வெள்ளி என்றால் ரிங்கிட்தானே? ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டபோது, இவ்வளவு மலிவா என்று நினைத்தேன். யாத்திராகமம் 21இல் ஓர் அடிமைக்கு 30 வெள்ளி என்று பிற்பாடு படித்தேன். அதில் பாதிதான் காசாக இருந்திருக்கிறது. மீதிக்கு அந்த வாற்கோதுமையை அளந்து கொட்டியிருப்பார் போல. இது என் ஊகம்தான்.

அப்புறம்தான் மூப்பர் விட்ட இடம் வருகிறது. மீட்டு வந்தவளோடு அவர் அன்றைக்கே குடும்பம் நடத்தவில்லை. அநேக நாள் காத்திரு, நானும் காத்திருக்கிறேன் என்கிறார்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், ஒருவர் இப்படிப் போய்த் திரும்பினார். அவர் மனைவி, அந்த அக்கா, விரட்டவில்லை, உள்ளேயும் விடவில்லை. அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடையில், ஒரு கேன்வாஸ் கட்டில் போட்டுக் கொடுத்தார். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது குவளையில் வரக்கோப்பி ஊற்றி, கட்டில் காலடியில் வைத்து, ஒரு தட்டால் மூடிவிட்டுப் போவார். அந்த அண்ணன் பால்மர விறகு பிளந்து அடுக்குவார், தொட்டியில் தண்ணீர் நிரப்புவார். பேச்சு கிடையாது. மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஒருநாள் பார்த்தால் அஞ்சடியில் கட்டில் இல்லை. ஏன், என்ன என்று லயத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் துருவுகிற லயம் அது!

எல்லார் வீட்டிலும் கட்டில் உள்ளே போகும் என்று நான் சொல்ல மாட்டேன். இஸ்ரவேலுக்குத் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, கொடுத்ததாக எரேமியா மூன்றாம் அதிகாரத்தில் கடவுளே சொல்கிறார். அதே அதிகாரத்தில் திரும்பி வா என்றும் கூப்பிடுகிறார். அவர் உண்மையுள்ளவர் என்பதில் இரண்டும் சேர்த்தி.

இன்னொன்று. இனி நீ என்னை பாகாலி என்று கூப்பிடாமல் ஈஷி என்று கூப்பிடுவாய் என்று ஓசியாவின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. பாகாலி என்றால் என் எஜமான், ஈஷி என்றால் என் புருஷன். 11 வருடம் அம்மா தனியாக நடத்திய வீட்டுக்கு உங்கள் அப்பா எதுவாக வர நினைக்கிறார்? மூப்பர் அதை அவரிடம் கேட்டாரா?

அம்மாவிடம் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம். அவர் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அத்தை வீட்டுக்குப் போகும்போது அப்பாவிடம் ஓசியா மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கக் கொடுங்கள். ஐந்தே வசனம்தான்.