மேடையேறும் பிள்ளைகள்: பேச்சுப் போட்டி பற்றி வாசகர் கேள்விகள்

ஜூலை 15 காமராசர் பிறந்தநாளில் தொடங்கினால் நவம்பர் 14 குழந்தைகள் தினம் வரை பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குக் குறைவே இருக்காது. கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மகள் ஏழாம் வகுப்பு. போட்டியில் ஐந்து நிமிடம் தருகிறார்கள். டியூஷன் சார் நீள நோட்டில் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒப்பித்தால் ஏழு நிமிடம் ஆகிறது. வேகமாகச் சொல்லப் பழக்கலாமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

வேண்டாம், பேச்சைக் குறையுங்கள். மேடையில் நின்று நிறுத்தி, கேட்பவர் மனதில் பதியும்படி பேசும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 85 முதல் 95 சொற்கள்தான் வரும். நீள நோட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 130 சொல் பிடிக்கும். ஆறு பக்கம் என்றால் 780 சொல். அதை ஏழு நிமிடத்தில் சொல்லி முடிக்கிறாள் என்றால் இப்போதே வேகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அடக்கப் பார்த்தால் சொல்லின் கடைசி எழுத்துகள் தேய்ந்துபோகும், மூச்சு வாங்கும், நடுவர் காதில் ஒரே இரைச்சலாக விழும்.

மூன்று பக்கம் போதும், அதாவது 400 சொல். வீட்டில் நின்றுகொண்டு உரக்கப் பேசினால் நாலரை நிமிடத்தில் முடிய வேண்டும். மீதி அரை நிமிடம் மைக்கைச் சரிசெய்யவும், கைதட்டல் விழுந்தால் அது அடங்கும்வரை நிற்கவும் வேண்டும். மனதுக்குள் படித்துப் பார்த்து நேரம் கணக்கிட வேண்டாம், அந்தக் கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும்.

முதலில் வெட்ட வேண்டியது வணக்கத்தை. ‘விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, நடுவர் பெருமக்களே’ என்று எட்டுப் பேரை அழைத்து முடிப்பதற்குள் முப்பது நாற்பது விநாடி போய்விடும். ‘அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்’ என்று ஒரே வரியில் நிறுத்தினால் மரியாதை எதுவும் குறையாது. அடுத்து அடைமொழிகள். ஒரு தலைவரின் பெயருக்கு முன்னால் நான்கு பட்டம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். பிறகு மேற்கோள்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவையும் யார் சொன்னது என்று உறுதியாகத் தெரிந்தவையாக இருக்கட்டும். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று வரி. அதை வள்ளுவர் சொன்னதாக ஒரு பிள்ளை பேசினால், அதற்குப் பிறகு வரும் எதையும் நடுவர் நம்பிக் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் எழுதிய பேச்சு பிள்ளையின் வாயில் உட்காராது. வெட்டிக் குறைக்கும் வேலையை உங்கள் மகளோடு உட்கார்ந்து செய்யுங்கள். ‘இதை உன் தோழியிடம் எப்படிச் சொல்வாய்?’ என்று ஒவ்வொரு பத்தியிலும் கேளுங்கள். அவள் சொல்லும் வாக்கியத்தையே கொஞ்சம் திருத்தி எழுதிக்கொண்டால் பாதி மனப்பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் எட்டாம் வகுப்பு. வீட்டில் தடுமாறாமல் சொல்கிறேன். மேடையில் பாதியில் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?
– மாணவர், பண்ருட்டி

பேச்சை நீ ஒரு சங்கிலி மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறாய் தம்பி. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் ஓசையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பின்னால் ஒரு நாற்காலி விழுகிறது, நீ திரும்பிப் பார்க்கிறாய், ஒரு கண்ணி அறுந்துபோகிறது. நடுவில் நுழைய வழி தெரியாததால் முதலிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. அதனால்தான் வீட்டில் வருவது மேடையில் வருவதில்லை.

இப்படிச் செய்து பார். பேச்சை ஐந்து துண்டாகப் பிரி. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, அட்டைக்கு ஒரு துண்டு என்று எடுத்துக்கொள். முழு வாக்கியம் எழுதாதே. மூன்று நான்கு சொல் மட்டும் எழுது. கடலூரின் விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளைப் பற்றிய பேச்சு என்றால் முதல் அட்டையில் ‘முதுநகர், 1890, பிறப்பு’, இரண்டாவதில் ‘நீல் சிலை, 1927, சிறை’ (ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டம்) என்ற அளவுக்குப் போதும். முதல் மூன்று நாள் அட்டைகளை வரிசையாக வைத்துப் பேசு. நான்காம் நாளிலிருந்து சீட்டு மாதிரிக் கலைத்துப் போடு. எந்த அட்டை மேலே வருகிறதோ அங்கிருந்து தொடங்கிக் கடைசி வரை பேசு. ஒரு வாரத்தில் பேச்சுக்குள் நுழைய உனக்கு ஐந்து வாசல் கிடைத்துவிடும். தொடக்கத்தின் இரண்டு வாக்கியமும் முடிவின் இரண்டு வாக்கியமும் மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாக இருக்கட்டும். பதற்றம் அதிகம் இருப்பது முதல் இருபது விநாடியில். அந்த நேரத்தில் யோசிக்காமல் வாய் ஓட வேண்டும்.

அப்படியும் மறந்தால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னும் நிதானமாக ஒருமுறை சொல். கேட்பவர்கள் அழுத்தம் கொடுப்பதாக நினைத்துக்கொள்வார்கள், உனக்கு நான்கு விநாடி கிடைக்கும். அதற்குள் வரவில்லை என்றால் அடுத்த அட்டைக்குத் தாவிவிடு. விட்டுப்போன பகுதி உனக்கும் உன் ஆசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். ‘மன்னிக்கவும்’ என்று சொல்லாதே, நாக்கைக் கடிக்காதே, மேலே மின்விசிறியைப் பார்க்காதே. இந்த மூன்றும்தான் மறந்துவிட்டதை நடுவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் பழகும்போது தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அம்மாவைக் குறுக்கே நடக்கச் சொல்லியும் இரண்டு நாள் பேசிப் பார். போட்டி நடக்கும் அறை அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லவைக்கப் போராடுகிறேன். ‘ழ’ வந்துவிட்டால் எல்லாவற்றையும் ‘ழ’ ஆக்கிவிடுகிறார்கள். எளிய வழி உண்டா?
– தமிழாசிரியை, நெல்லிக்குப்பம்

நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ‘ல’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ‘ள’வுக்கு நாக்கு மடங்கி மேல் அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கும் நாக்கு மேலே வளையும், ஆனால் எங்கும் ஒட்டாது. ஒட்டாமல் நிறுத்துவதுதான் கடினம். ‘அ’ என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரலை நிறுத்தாமல் நாக்கு நுனியை மெல்ல உள்பக்கமாகச் சுருட்டச் சொல்லுங்கள். ‘அ...ழ்’ என்று தானாக வரும். கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் நாக்கு ஒட்டுகிறதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். ‘பழம்’ என்பது ‘பளம்’ ஆனால் நாக்கு ஒட்டிவிட்டது. ‘பயம்’ ஆனால் நாக்கு வளையவே இல்லை. இரண்டுக்கும் திருத்தம் வேறு வேறு, அதனால் முதலில் எது என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

‘அவர்கழ்’, ‘பெண்கழ்’ என்று சொல்லத் தொடங்கினால் ‘ழ’வைத் தனியாகப் பழக்கியதன் விளைவு அது. மூன்றையும் சேர்த்தே பழக்குங்கள்: வலி, வளி, வழி. கலை, களை, கழை. தினமும் ஐந்து நிமிடம் போதும், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். பிள்ளையின் கவனம் முழுவதும் நாக்கில் போய்ப் பேச்சு நின்றுவிடும். அந்த நிலையில் பேச்சில் வரும் ‘ழ’ சொற்களை மட்டும் எண்ணி எடுத்து, பத்துச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பழக்கினால் போதும்.

ரகர றகரத்தில் ‘வெற்றி’, ‘நன்றி’ போன்றவற்றைப் பாருங்கள். தனித்து வரும் ‘ற’வை எண்ணிக் குழந்தையை வதைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

எங்கள் வீடு கடலூர் மாவட்ட எல்லையில். பையன் படிப்பது பாகூரில். தமிழ்நாட்டுத் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் போட்டியில் சேரலாமா?
– ஒரு தந்தை

அந்தப் போட்டிகள் மாவட்டவாரியாக, அந்த மாவட்டப் பள்ளிகளில் படிப்போருக்கு நடப்பவை. விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். ஆகவே வீடு இருக்கும் இடம் கணக்கில் வராது, பள்ளி இருக்கும் இடம்தான். பாகூர் புதுச்சேரி ஆட்சிப்பகுதி என்பதால் அங்குள்ள பள்ளிக்கு வரும் சுற்றறிக்கைகளைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: அண்ணா, பெரியார், காந்தி, நேரு போன்ற தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டிய மாவட்டப் போட்டிகளில் பரிசுத்தொகை 5,000, 3,000, 2,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியாகத் தலா 2,000 ரூபாய் சிறப்புப் பரிசும் உண்டு. அறிவிப்புக்கும் போட்டிக்கும் இடையே சில நாள்தான் இருக்கும் என்பதால் பள்ளியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

‘புதுச்சேரி விடுதலை’ என்று தலைப்பு. எல்லாரும் இணையத்தில் கிடைக்கும் ஒரே உரையைத்தான் பேசுவார்கள். நான் எப்படி வேறாகப் பேசுவது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, முத்தியால்பேட்டை

உன் ஊரிலேயே தலைப்பு கிடைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள். ‘எண்ணற்ற தியாகிகளின் இன்னுயிர் ஈகத்தால்’ என்று தொடங்கும் பேச்சை நடுவர் அன்று இருபது முறை கேட்டிருப்பார். நீ கீழூரில் தொடங்கு. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். ‘மொத்தம் நூற்று எழுபத்தெட்டு வாக்கு. அதில் எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள்’ என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடி நிறுத்து. மீதிப் பேர் என்ன சொன்னார்கள் என்று அவை காத்திருக்கும். கீழூரில் நினைவிடம் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய ஞாயிறு யாராவது அழைத்துப்போனால் போய்ப் பார்த்துவிட்டு வா. நேரில் பார்த்த ஒரு பொருளைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னால் அது வேறு யாருடைய பேச்சிலும் இருக்காது.

தேதிகளில் கவனமாக இரு. பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதும், ஆகஸ்ட் 15 என்று சொல்வதும் வழக்கமான பிழைகள். பாரதியார் இங்கே பிறந்ததாகவும் சிலர் பேசிவிடுகிறார்கள். அவர் இங்கே வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. இங்கே பிறந்தவர் பாரதிதாசன்.

ஆண்டுகளை அடுக்காதே. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு’ என்று சொல்ல மூன்று விநாடி ஆகும், நாக்கும் இடறும். ஒரு பேச்சில் மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த முறை வரும்போது ‘அதற்கு எட்டு ஆண்டு கழித்து’ என்று சொல்லிவிடு.

மகனுக்குப் பதின்மூன்று வயது. உணர்ச்சியாகப் பேசும் இடத்தில் குரல் கீச்சிட்டுச் சிதறுகிறது. பயிற்சி போதவில்லையா?
– ஒரு தந்தை, திருப்பாதிரிப்புலியூர்

பயிற்சிக் குறை இல்லை, குரல் உடையும் வயது. குரல்நாண் நீண்டு தடிப்பதால் பழைய உச்சத்துக்குப் போக முயலும்போது பிடி விடுகிறது. உரத்துச் சொல்லிவந்த இடங்களை இப்போது தாழ்த்தி, நிறுத்திச் சொல்லப் பழக்குங்கள். தாழ்ந்த குரலில் சொன்னாலும் உணர்ச்சி குறையாது. ஒரு நாளைக்கு முழுப்பேச்சு மூன்று முறைக்கு மேல் உரக்க வேண்டாம், மற்றதை மெல்லிய பேச்சுக்குரலில் பழகலாம். கிசுகிசுத்துப் பழகக் கூடாது, அதுவும் தொண்டையை வருத்தும். போட்டிக்கு முந்தைய நாள் முழு ஒத்திகை வேண்டவே வேண்டாம். தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும்.

மைக் முன்னால் நின்றாலே பிள்ளைகள் குரல் ஒன்று இரைகிறது, இல்லை கேட்பதே இல்லை. என்ன சொல்லிக் கொடுப்பது?
– ஆசிரியர், வில்லியனூர்

வாய்க்கும் மைக்குக்கும் நான்கு முதல் ஆறு விரல் இடைவெளி. மைக் வாய்க்கு நேராக வேண்டாம், மோவாய் உயரத்தில் இருந்து மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். நேராக இருந்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று ஒலிக்கும். ஊதியோ தட்டியோ பார்க்க வேண்டாம், முதல் சொல்லே சோதனை. குட்டையான பிள்ளை ஸ்டாண்டை அண்ணாந்து பார்த்துப் பேசினால் குரல் நசுங்கும். மேடையேறியதும் ‘மைக்கைக் கொஞ்சம் இறக்கித் தாருங்கள்’ என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. கையில் பிடிக்கும் மைக் என்றால் வலைத்தலையைப் பொத்தக் கூடாது, ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும் பக்கம் திருப்பவும் கூடாது. இரண்டாலும் கீச்சென்று கூவும். கை காட்டுவதென்றால் மறு கையால் காட்டட்டும். மைக் பிடித்த கையை ஆட்டினால் குரல் ஏறி இறங்கிக் கேட்கும்.

கையசைவு சொல்லிக் கொடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், லாஸ்பேட்டை

ஒவ்வொரு வரிக்கும் ஒரு அசைவு என்று பழக்குவதை நிறுத்துங்கள். ‘வானம்’ என்றால் மேலே, ‘நெஞ்சம்’ என்றால் மார்பு என்று காட்டினால் பேச்சு நாடகமாகிவிடும். கைகள் பக்கவாட்டில் தளர்வாக இருக்கட்டும், தேவைப்படும்போது தானாக எழும்.

முதன்முறையாக நடுவராக அழைத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?
– பட்டதாரி ஆசிரியை, கடலூர் முதுநகர்

அமைப்பாளர் படிவம் தரவில்லை என்றால் நூற்றுக்குக் கருத்து 40, உச்சரிப்பும் மொழியும் 25, எடுத்துரைக்கும் முறை 25, நேரம் 10 என்று வைத்துக்கொள்ளலாம். உரத்த குரலுக்கு மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். அரங்கில் கைதட்டு வாங்குவது பெரும்பாலும் அதுதான், நடுவரையும் இழுத்துவிடும். நேரம் முடிவதற்கு ஒரு நிமிடம் முன் ஒரு மணி, முடிந்ததும் இரண்டு மணி. இதைப் போட்டி தொடங்கும் முன் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை கேட்கட்டும். முன்பின் கேட்டிராத மணியோசைக்கு மிரண்டு பாதியில் இறங்கிவிடும் சிறுபிள்ளைகள் உண்டு.

முதலில் பேசும் பிள்ளைக்கு ஒப்பிட ஆள் இல்லாததால் மதிப்பெண் நடுத்தரமாகவே விழும். முதல் ஐந்து பேருக்குப் பென்சிலில் போட்டு வையுங்கள். ஆறாவது பேச்சுக்கு முன் அந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தி, பிறகு பேனாவில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இரண்டாம் பகுதி நன்று, முடிவு அவசரம்’ என்பது போல ஒரு வரி குறித்துக்கொண்டால், முடிவு அறிவித்த பிறகு ‘நான் எங்கே சார் விட்டேன்?’ என்று ஓடிவரும் பிள்ளைக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.