வாண்டர்பில்ட்டின் ஆறு வெற்றிகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். இந்த ஊரில் நீங்கள் இருந்த நாட்களில் இங்குள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆட்டங்களுக்குப் போனதை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இந்த ஆண்டு (2024) நானும் போக ஆரம்பித்தேன். போன சனிக்கிழமை ஆபர்ன் பல்கலைக்கழக அணியை அவர்கள் ஊரிலேயே 17-7 என்று வென்றுவிட்டோம். ஒன்பது ஆட்டங்களில் ஆறு வெற்றி. தோற்ற மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் மொத்தமே பத்துப் புள்ளிதான்: மிசௌரியிடம் 3, ஜார்ஜியா ஸ்டேட்டிடம் 4, டெக்சாஸிடம் 3. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால் ஒன்பதுமே நம்முடையது. மீதி மூன்றையும் வென்று ஒன்பது வெற்றியோடு முடிப்போம் என்று சொன்னால், ஆய்வகத்தில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் "நீ புதுசு, இந்த டீமை உனக்குத் தெரியாது" என்கிறார்கள். நான் நம்புவது தப்பா?

உங்கள் வாசகன்,
நாஷ்வில்

*

அன்புள்ள தம்பி,

தப்பே இல்லை. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் பட்டதை நானும் பட்டிருக்கிறேன்.

2022 நவம்பர். எஸ்இசி (வாண்டர்பில்ட் ஆடும் பல்கலைக்கழக லீக்) ஆட்டங்களில் 26 முறை தொடர்ந்து தோற்ற பிறகு, கென்டக்கியை 24-21 என்று வென்றோம். அடுத்த வாரமே நாஷ்வில்லில் ஃபுளோரிடாவை 31-24. ஐந்து வெற்றி ஆகிவிட்டது. ஆறாவது கிடைத்தால் ஆண்டு இறுதியில் ஒரு பவுல் ஆட்டம் உண்டு; தகுதி பெறும் அணிகளுக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் ஆட்டம் அது. கடைசி ஆட்டம் டென்னசியோடு. அன்று உங்களைப் போலத்தான் நானும் கணக்குப் போட்டுக்கொண்டு மழையில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் டென்னசி ரசிகர்களின் ஆரஞ்சு நிறச் சட்டைகள். 56-0. நம் மைதானத்தில் நாம்தான் விருந்தாளிகள் போல இருந்தோம். போகட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஆண்டு முதல் இரண்டு ஆட்டங்களை வென்றார்கள், அப்புறம் பத்தையும் வரிசையாகத் தோற்றார்கள்.

எஸ்இசியில் இருக்கும் ஒரே தனியார் பல்கலைக்கழகம் வாண்டர்பில்ட். எதிரில் வருவதெல்லாம் மாநிலமே பின்னால் நிற்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். உள்ளூர்க்காரர்களின் அவநம்பிக்கை ஒருநாளில் வந்ததல்ல. அவர்களிடம் கோபப்படாதீர்கள்.

ஆனாலும் இந்த ஆண்டு வேறு. அதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அலபாமாவை வென்ற அந்த அக்டோபர் 5 ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, பிராட்வே தெரு வழியாகப் போய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்ட கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். நாட்டின் முதல் ஐந்து இடங்களில் இருக்கும் அணிகளோடு அதுவரை ஆடிய 60 ஆட்டங்களிலும் தோற்ற அணி, முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வென்றது. எல்லாரும் அதை அதிசயம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். ஆட்டம் 60 நிமிடம். அதில் 42 நிமிடம் பந்து நம்மிடம் இருந்தது. அலபாமாவுக்குக் கிடைத்தது 18 நிமிடத்துக்கும் குறைவு.

இது தானாக நடக்காது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். மூன்றாவது முயற்சியில் தவறினால் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். அன்று 18 முறை மூன்றாவது முயற்சி வந்தது, 12 முறை தேறினோம். அவசரமே இல்லாமல் கடிகாரத்தை ஓடவிட்டு, நான்கு கஜம், ஐந்து கஜம் என்று போய்க்கொண்டே இருந்தோம். எதிரணியில் எவ்வளவு வேகமான பையன்கள் இருந்தால் என்ன, பந்து கைக்கு வந்தால்தானே ஓட முடியும்? பலம் குறைந்த அணி பலமான அணியை வெல்ல வேண்டுமென்றால் ஆட்டத்தைச் சுருக்க வேண்டும். கடைசி இரண்டரை நிமிடத்துக்கும் மேலாகப் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, அலபாமாவுக்குப் பந்தையே திருப்பித் தராமல் முடித்தார்களே, நான் எழுந்து நின்றது அந்த இடத்தில்தான்.

2022இல் இது கிடையாது. அன்று வென்றபோதும் எப்படி வென்றோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முடிகிறது. பயிற்சியாளர் கிளார்க் லீ நாஷ்வில் பையன், இதே அணியில் ஆடியவர். இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி என்று முடிந்த ஆண்டுக்குப் பிறகு தடுப்பாட்டத்தை நடத்தும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். தாக்குதலுக்கு நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து டிம் பெக்கைக் கூட்டி வந்தார். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி கில்லும் ஆலோசகராக வந்தார். அவர்களிடம் ஆடிய குவார்ட்டர்பேக் (தாக்குதலைக் களத்தில் நடத்துபவர்) டியேகோ பவியாவும் வந்தார். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் தொடங்கி மேலே வந்த பையன் அவர். ஆபர்னில் சனிக்கிழமை நீங்கள் பார்த்தது அவருக்குப் புதிதில்லை; போன நவம்பரில் அதே மைதானத்தில் நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்காக ஆடி ஆபர்னை 31-10 என்று வென்றவர்.

சரி, உங்கள் பத்துப் புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். அதை நான் ஏற்கவில்லை. தோல்விகளைக் கூட்டினீர்கள், வெற்றிகளையும் கூட்டிப் பார்த்தீர்களா? வர்ஜீனியா டெக்கை வென்றது கூடுதல் நேரத்தில். அலபாமாவை 5 புள்ளியில். கென்டக்கியை 20-13, ஏழு புள்ளியில். அதிர்ஷ்டம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் இன்று மூன்று வெற்றி, ஆறு தோல்வி என்று நிற்போம். ஆட்டத்தைச் சுருக்கி ஆடும் அணிக்கு எல்லா ஆட்டமும் கடைசி நிமிடம் வரை இழுபடும். ஜெயித்தாலும் தோற்றாலும் சில புள்ளிதான். ஜார்ஜியா ஸ்டேட் போன்ற சிறிய அணியிடம் தோற்றதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பாணிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஒன்பது வருமா? வராது என்றுதான் எனக்குப் படுகிறது. அலபாமாவிடம் 40 எடுத்தவர்கள் அப்புறம் ஆடிய நான்கு ஆட்டங்களில் 20, 24, 24, 17 என்று இறங்கியிருக்கிறார்கள். பவியா ஒவ்வொரு ஆட்டத்திலும் அடி வாங்கிக்கொண்டே ஓடுகிறார், அவர் உடம்பை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை வரும் சவுத் கரோலினா போன வாரம்தான் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 44-20 என்று அடித்துவிட்டு வருகிறது. அடுத்து எல்எஸ்யூ, அவர்கள் ஊரில். கடைசியில் டென்னசி, அவர்களை நாம் கடைசியாக வென்றது 2018இல். இந்த மூன்றில் ஒன்று கிடைத்தால் எனக்குப் போதும்.

உங்களுக்குப் போதாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே இருங்கள். ஆறாவது வெற்றி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் ஒரு நிமிடம் நின்று நினைத்துப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பவுல் ஆட்டம். அந்த மழை நாளில் நான் எதற்காகப் போய் உட்கார்ந்தேனோ, அது நவம்பர் முதல் வாரத்திலேயே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

நவம்பர் 30 டென்னசி ஆட்டத்துக்கு இப்போதே டிக்கெட் வாங்கிவிடுங்கள். இந்த முறை ஆரஞ்சு எவ்வளவு, நம் கறுப்பும் பொன்னிறமும் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். முடிந்தால் உங்கள் ஆய்வக நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்