இடம் மாறிய ரோஜா: வாசகர் கேள்விகள்

கேள்வி: தொட்டி ரோஜாவைத் தரையில் நட்டு நான்கு நாட்கள் ஆகின்றன. இலையெல்லாம் தொங்கிவிட்டது. காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் விடுகிறேன். இன்னும் என்ன செய்ய?

முதலில் அந்த மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். செடியைப் பெயர்க்கும்போது நூல் போன்ற நுனிவேர்கள்தான் அதிகம் அறுந்துபோகும். நீரை உறிஞ்சுவதும் பெரும்பாலும் அவைதான். இலைகளோ வெயிலில் நீரை ஆவியாக விட்டபடியே இருக்கும். வரவு பாதியாகி, செலவு அப்படியே இருந்தால் செடி வாடாமல் என்ன செய்யும்?

செலவைக் குறைக்க 10 நாட்களுக்கு நடுப்பகல் வெயில் படாமல் நிழல்வலையோ பழைய துணியோ கட்டுங்கள். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்யலாம். தண்ணீருக்கு விரல்தான் அளவு. இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் வேர்வரை இறங்கும்படி நிதானமாக ஊற்றுங்கள். சேற்றில் வேர் அழுகினாலும் இலை இப்படியேதான் தொங்கும். அதைப் பார்த்துப் பலர் இன்னொரு குடம் ஊற்றிவிடுகிறார்கள். மதியம் தொங்கி மறுநாள் காலையில் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை.

கேள்வி: சீக்கிரம் தேற யூரியா போடலாமா?

வேண்டவே வேண்டாம். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு பிடி போட்டேன். மூன்றே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. உரத்தின் உப்பு மண்ணில் கூடினால், காயம்பட்ட வேரால் நீரை எடுக்க முடியாது. புதுத்துளிர் ஒரு விரல் நீளம் வரட்டும், அப்புறம் கொஞ்சம் மண்புழு உரம் போதும். அதுவரை காய்ந்த இலைகளை மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

கேள்வி: இலை முழுக்க உதிர்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டி, பச்சை தென்படும் இடம்வரை வெட்டிவிடுங்கள். துளிர் வர சில வாரங்கள்கூட ஆகலாம். தினமும் அசைத்துப் பார்க்காதீர்கள். புதிதாக விடும் வேர் அதிலேயே அறுந்துபோகும்.

கேள்வி: நட்ட வாரமே மொட்டு வந்திருக்கிறதே?

கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் இப்போது செடிக்கு வேர்தான் முக்கியம்.

கேள்வி: அடியிலிருந்து ஒரு கிளை மட்டும் மளமளவென்று வளர்கிறது. தேறிவிட்டதா?

ஒட்டுச்செடியானால், அதாவது வேறொரு ரோஜாவின் வேர்மேல் ஒட்டி வளர்த்ததானால், கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்டின் அடியில் முடிச்சு போலப் புடைத்திருப்பதுதான் ஒட்டுப்பகுதி. கிளை அதற்கு மேலே கிளம்பியிருந்தால் நல்ல சேதி. கீழேயிருந்து வந்தால் அது வேர்ச்செடியின் கிளை, அதாவது அடியில் வேராக இருக்கும் அந்த வேறு ரோஜாவின் கிளை. விட்டால் உங்கள் ரோஜாவை அமுக்கிவிடும். மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். மண்மட்டத்தோடு வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாக வந்து நிற்கும்.