மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் பாக்கிப் பணத்துக்காக நம் கணினியைப் பூட்டிவிடலாமா?

கூடாது. பணம் பாக்கி இருந்தாலும் கூடாது. நான் வழக்கறிஞர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். உங்கள் கடைக் கணினியும் இப்படிப் பூட்டப்பட்டிருந்தால், அங்கேயும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில்தான் தகராறு தொடங்கியிருக்கும், எங்களுக்கும் அப்படித்தான்.

சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டு, ஈரத்துக்கான கழிவு போக நிகர எடையை அன்றன்றே கணினியில் ஏற்றுவோம். மாதம் முடிந்ததும் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு பட்டுவாடா. அதற்கு முந்தின இரவு, பழுது பார்ப்பதற்காக நாங்கள் கொடுத்திருந்த கடவுச்சொல்லை வைத்துக் கோவையில் இருந்தபடியே உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டார் மென்பொருள்காரர். கட்டணத்தை உயர்த்திக் கேட்டிருந்தார், முதலாளி இன்னும் பேசி முடிக்கவில்லை. காலையில் அலுவலக வாசலில் விவசாயிகள் கூட்டம். "கணக்கு அம்மா, பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்" என்று ஒரு பெரியவர் எடைச் சீட்டை நீட்டினார். மழையில் நனைந்து ஓரம் சுருண்ட கார்பன் நகல். எண்கள் மட்டும் நீலமாகத் தெரிந்தன. அந்தச் சீட்டுகளின் அடிக்கட்டைகள் எங்களிடம் இருந்ததால் கையால் கூட்டிப் பணம் கொடுத்தோம். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

"எழுதியது நான், மென்பொருள் என்னுடையது" என்றார் தொலைபேசியில். அதில் பாதி நியாயம் உண்டு, மறுக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாளிடம் எழுதி வாங்கினால், எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை எழுதியவருக்கே. விலை கொடுப்பவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம்தான், பதிப்புரிமை அல்ல என்று 2021இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி வாங்கியவர் காப்பு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அவருடைய உரிமை நிரலோடு நிற்கிறது. உள்ளே இருக்கும் இலைக் கணக்கு அவருடையது இல்லை. கூலி பாக்கி என்பதற்காகக் கொத்தனார் அடுப்பங்கரைக்குள் புகுந்து அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது, அனுமதி உள்ளவரைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, இரண்டுக்கும் இழப்பீடு உண்டு. இதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"கடவுச்சொல்லைக் கொடுத்ததே நீங்கள்தானே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்த்த வான் பியூரன் வழக்கையும் இழுப்பார்கள். அங்கே ஒரு காவல்துறை அதிகாரி, தான் பார்க்க அனுமதி பெற்ற வாகனப் பதிவுத் தகவலைப் பணத்துக்காகத் தேடிப் பார்த்தார். அது அந்நாட்டுக் கணினிச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்றது நீதிமன்றம். அது அவர்கள் சட்டத்தின் சொற்களை வைத்துச் சொன்ன தீர்ப்பு. எங்களவர் வெறுமனே பார்க்கவில்லை, பூட்டினார். பழுது பார்க்கத் தந்த அனுமதி பூட்டுவதற்கான அனுமதி ஆகாது.

புகார் கொடுக்கப் போன இடத்தில் "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார்கள். கடைசியில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் பூட்டு திறந்தது. அவருக்குச் சேர வேண்டிய பாக்கியையும் கொடுத்துவிட்டோம். உழைத்தவனை ஏமாற்றச் சொல்லித் தருகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

அவரிடம் இருக்கும் எங்கள் கணக்கின் நகல்தான் இன்னமும் என் கவலை. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது இந்த மலைக்கும்தானே பொருந்தும்? பச்சைத் தேயிலை விலைக்காக உண்ணாவிரதம் இருந்த நீலகிரி மாவட்டம் இது. உரம், பறிகூலி எல்லாம் ஏறுகின்றன. இலை விலை மட்டும் ஏறினால் அடுத்த மாதமே இறங்குகிறது. இதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை, விவசாயியின் எண்களைச் சேகரிக்க மட்டும் எல்லோருக்கும் நேரமிருக்கிறது. வெளியாள் கையில் கொடுத்தாலும் பொறுப்பு தகவலைச் சேகரித்தவருடையது என்றுதான் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் முதலாளிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

பூட்டப்பட்ட உங்கள் கணினியில் உள்ளதை இப்போது அழித்துப் புதிதாக மென்பொருளை ஏற்றிவிடாதீர்கள். எந்த நேரத்தில் யார் நுழைந்தார் என்ற பதிவு அதில்தான் இருக்கும். திரையைப் படம் எடுத்து, அந்தப் பதிவை அச்செடுத்து, மற்ற கணினிகளின் கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள். இழப்பீட்டு மனு ஐந்து கோடி ரூபாய் வரை என்றால் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடமே கொடுக்கலாம்.