உமிச்சாம்பலும் தென்னந்தும்பும் கலந்த கொங்கிறீட்டை நம்பலாமா?

"உமிச்சாம்பல், தென்னந்தும்பு போன்ற விவசாயக் கழிவுகளைக் கலந்து செய்யும் கொங்கிறீட்டை நம்பி, கடலுக்கு அருகே வீடு கட்ட முடியுமா?" என்பது உங்கள் கேள்வி. சீமெந்துக் கல், நிலம், நடைபாதை, சுவர்ப் பூச்சு ஆகியவற்றுக்கு நம்பலாம் என்பது என் பதில். தூணுக்கும் பீமுக்கும் பொறியியலாளர் ஒருவர் கலவையைச் சோதித்து ஒப்புதல் தராத வரையில் வேண்டாம். தம்பலகாமத்தில் சீமெந்துக் கல் அரியும் சிறிய களம் ஒன்றை நடத்துபவன் என்ற முறையில், கையால் செய்து பார்த்ததையும் படித்துத் தெளிந்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஏன் இந்த முயற்சி என்பதைச் சொல்ல வேண்டும். சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரைச் செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. அப்போது கல்லிலிருந்தே காபனீரொட்சைட்டு பிரிந்து வெளியேறுவதால், எரிபொருளை எவ்வளவு மாற்றினாலும் அந்தப் பங்கு குறைவதில்லை. உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் சுமார் 8 சதவீதம் சீமெந்திலிருந்து வருகிறது என்பது பொதுவான கணக்கு. திருகோணமலையில் சீமெந்து ஆலை இருந்தும், அங்கே அரைக்கப்படும் கிளிங்கர் கப்பலில் வந்து இறங்குவதுதான். ஆனால் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்களின் நெல்லோடு வரும் உமியோ ஆலைகளின் பின்புறத்தில் மலைபோலக் குவிந்து, காற்றில் பறந்து, வீதியோரத்தில் புகைந்துகொண்டிருக்கிறது.

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். இரண்டு தொன் நெல் விளையும் ஒரு ஏக்கரிலிருந்து 400 கிலோ உமியும், அதிலிருந்து 80 கிலோ சாம்பலும் கிடைக்கும். ஒரு ஏக்கருக்கு ஒன்றரைச் சீமெந்துப் பையின் எடைக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்போகம் முழுவதையும் கணக்கிட்டால் அது சிறிய அளவன்று.

நன்றாக எரிந்த உமிச்சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை, மணலிலும் உள்ள கனிமமான சிலிக்கா இருக்கும். சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது, வலுத்தரும் பசையோடு கல்சியம் ஐதரொட்சைட்டும் உண்டாகிறது. அது நீரில் மெல்லக் கரையக்கூடியது, வலுவுக்கும் பெரிதாக உதவாதது. சாம்பலிலுள்ள சிலிக்கா இந்த ஐதரொட்சைட்டைப் பிடித்து மேலும் பசையாக மாற்றி, நுண்துளைகளை அடைக்கிறது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும் எங்கள் கரையோரத்தில், அந்த அடைப்பின் பெறுமதியை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீடு வைத்திருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

ஆனால் எல்லாச் சாம்பலும் இதைச் செய்வதில்லை. தொடக்க காலத்தில் நான் ஓர் ஆலையின் குவியலிலிருந்து கறுப்புச் சாம்பலை அள்ளி வந்து, சீமெந்தில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலந்தேன். கலவை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வேலையாட்கள் மேலும் மேலும் ஊற்றினார்கள். ஒரு மாதம் கழித்தும் கற்களின் மூலைகள் கைபட்டாலே உதிர்ந்தன. அவ்வளவையும் உடைத்துப் பள்ளம் நிரப்ப வேண்டியதாயிற்று. காரணம் பின்னர்தான் விளங்கியது. கறுப்பு என்றால் எரியாத காபன் மிஞ்சியிருக்கிறது; அது நீரை உறிஞ்சும். மறுபுறம், பெரிய குவியலின் நடுப்பகுதி 800 பாகையைத் தாண்டி வெந்தால் சிலிக்கா பளிங்குருவாகி மந்தமாகிவிடும். ஏறக்குறைய 500 முதல் 700 பாகைக்குள் காற்றோட்டத்துடன் எரிந்த, சாம்பல் நிறமோ வெண்மையோ கொண்ட சாம்பலே வேலைக்கு உதவும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. குமார் மேத்தா 1970களிலேயே இந்தக் கட்டுப்பாட்டு எரிப்பை ஆராய்ந்து காப்புரிமையும் பெற்றிருந்தார்.

இப்போது நான் நடுவில் புகைபோக்கி வைத்த கம்பிவலைக் கூடையில் உமியை மெல்லப் புகையவிட்டு, ஆறியபின் இரும்புக் குண்டுகள் இட்ட பீப்பாயைச் சுழற்றி அரைக்கிறேன். அரைக்காத சாம்பல் பஞ்சுபோல நீரை இழுக்கும். முகக்கவசம் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் நிற்க விடுவதில்லை. சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பிப் போகாது. உமியை வெகுதூரம் ஏற்றிச் செல்வதும் வீண், ஏனெனில் லொறி பெரும்பாலும் காற்றையே சுமக்கிறது. ஆலை வளவிலேயே எரிப்பதுதான் சரி.

தும்பைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். தும்பு சேர்த்தால் கொங்கிறீட்டின் பாரம் தாங்கும் வலிமை அதிகரிக்காது. கம்பியின் இடத்தையும் அது பிடிக்காது. விரிசல் விழத் தொடங்கும்போது இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து, அது அகலாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது, காலையில் போட்ட நிலம் மதியத்துக்குள் மேல் வறண்டு மயிர்போல வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் தும்பு உண்மையாகவே உதவுகிறது. இரண்டு, மூன்று சென்றிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, ஊறவைத்துக் கழுவி, சீமெந்தின் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேற்படாமல், பிரித்துப் பிரித்துக் கடைசியாகத் தூவுங்கள். கழுவாத தும்பிலிருந்து இறங்கும் சாயம் சீமெந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும்.

சாம்பலையும் தும்பையும் சேர்த்தே பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சீமெந்தின் கடுங்காரத் தன்மை தாவர நாரை ஆண்டுக்கணக்கில் அரித்து நொறுங்கச் செய்கிறது. தென்னந்தும்பில், மரத்துக்கு உறுதி தரும் பொருளான லிக்னின் அதிகம் என்பதால் பல நார்களைவிட அது தாக்குப் பிடித்தாலும், காரத்திலிருந்து முற்றிலும் தப்புவதில்லை. அந்தக் காரத்துக்கும், நாருக்குள் படிந்து அதை விறைக்கச் செய்வதற்கும் முக்கிய காரணம், மேலே சொன்ன அதே கல்சியம் ஐதரொட்சைட்டுத்தான். சாம்பல் அதைக் குறைத்துவிடுவதால் தும்பின் ஆயுள் நீளுகிறது. தும்பை மட்டும் கலந்து சில வருடங்களில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இணைப்பைத் தவறவிட்டவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

என் கற்களில் சீமெந்தின் எடையில் 10 சதவீதத்துக்குச் சாம்பலை மாற்றுகிறேன், 15ஐத் தாண்டியதில்லை. நனைத்து வைத்திருப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாம்பலின் வினை மெதுவானது என்பதால், சாக்கை ஈரமாகப் போர்த்திக் குறைந்தது இரண்டு கிழமையாவது வைத்திருக்க வேண்டும். நான்காம் நாள் லொறியில் ஏற்றும் அவசரத்துக்கு இந்தக் கல் ஒத்துவராது. உவர்க் கிணற்று நீரால் கலக்கவும் வேண்டாம்.

உங்கள் ஊர் ஆலையில் கிடைக்கும் சாம்பல் எப்படிப்பட்டது என்று அறிய, ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பையும் இரண்டு பங்கு அரைத்த சாம்பலையும் நீர் விட்டுப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கிப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி நிழலில் வையுங்கள். ஒரு கிழமைக்குப் பின் அவிழ்த்து, ஓர் உருண்டையை ஒரு நாள் தண்ணீரில் போடுங்கள். கரையாமல் நகத்துக்கு இடம் கொடாமல் நின்றால், அடுத்த கட்டமாகச் சில கற்களை அரிந்து ஆய்வுகூடத்தில் 28 நாள் வலிமையைப் பாருங்கள். கலங்கிச் சேறானால் அந்தச் சாம்பலை வயலுக்கு எருவாகப் போட்டுவிடுங்கள்.