கட்டுரையில் மையக்கருத்தைப் பிடிப்பது எப்படி? மாணவர் கேள்விகளும் பதில்களும்

நாவல், காப்பியம், சினிமா என்று எதைப் பற்றிக் கட்டுரை எழுதினாலும் பலரும் தடுமாறும் இடம் மையக்கருத்துதான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, "இந்த நாவலின் மையக்கருத்து காதல்" என்று எழுதினேன். "மேலும் விளக்குக" என்று திருத்தி வந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன விளக்குவது?

நாவல் எதைப் பற்றியது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். காதலைப் பற்றி அந்த நாவல் என்ன சொல்கிறது என்றுதான் கேட்கிறார்கள். "வீட்டை எதிர்த்துக் கிளம்பிய காதல், கடைசியில் அந்த வீட்டைப் போலவே அதிகாரம் செய்யத் தொடங்குகிறது" என்று எழுதிப் பாருங்கள். இதை ஒருவர் மறுக்கலாம், இல்லை என்று வேறொரு காட்சியைக் காட்டலாம். அப்படி மறுக்க இடமிருந்தால்தான் அது வாதம். "காதல் வலிமையானது" என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்?

கேள்வி: சிலப்பதிகாரத்தில் பதிகமே மூன்று கருத்துகளைச் சொல்லிவிடுகிறதே, அதையே எழுதினால் போதாதா?

போதாது. அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்து சேர்ந்தே தீரும் என்று பதிகம் சொல்வது சரிதான், ஆனால் அந்தக் கருத்து காப்பியத்துக்குள் எப்படி நடந்தேறுகிறது என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அங்கேயே உயிர் விடுகிறான். வாளெடுத்து யாரும் வரவில்லை, தீர்ப்பைச் சொன்னது அவன் வாய்தான். அப்படியென்றால் அறம் என்பது வெளியிலிருந்து வரும் தண்டனையா, அல்லது அரசனுக்குள்ளேயே இருந்த அளவுகோலா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் கட்டுரை உங்களுடையதாகிவிடும்.

அதோடு நிறுத்தவும் வேண்டாம். தவறு செய்த மன்னன் இறந்துவிட்டானே, அப்புறம் மதுரை ஏன் எரிய வேண்டும்? எரியும்போதும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி கண்ணகி தீக்குச் சொல்கிறாளே, அது ஏன்? கோபத்துக்கும் ஓர் அறவரம்பு உண்டு என்று இளங்கோ காட்டுகிறார் என வாதிடலாம். அல்லது, அரசன் தவறினால் ஊரும் சேர்ந்து விலை கொடுக்கிறது என்று வாதிடலாம். எனக்கு இரண்டாவது வாதம்தான் ஆழமாகத் தெரிகிறது, ஏனென்றால் ஒருவன் சாவோடு கணக்கு தீரவில்லை என்பதை முதல் வாதம் விளக்குவதில்லை.

கேள்வி: சினிமாவைப் பற்றி எழுதினால் மதிப்பெண் குறையுமா?

கதையை மட்டும் எழுதினால் குறையும். படத்தைப் படமாகப் பார்த்து எழுதுங்கள். 2019-ல் வந்த 'பாரசைட்' என்ற கொரியப் படத்தில் ஒரே மழை இரண்டு வீடுகளில் பெய்கிறது. மேட்டிலிருக்கும் பணக்கார வீட்டில் பையன் தோட்டத்தில் கூடாரத்துக்குள் விளையாடுகிறான். ஏழைக் குடும்பமோ படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி ஓடிவந்து, தரைக்குக் கீழே பாதி புதைந்த தன் வீட்டில் சாக்கடைத் தண்ணீர் நிறைந்து கிடப்பதைப் பார்க்கிறது. மறுநாள் பணக்கார வீட்டம்மா, மழையால் காற்று சுத்தமாகிவிட்டது என்று போனில் மகிழ்கிறாள். "படம் ஏற்றத்தாழ்வைப் பேசுகிறது" என்பதைவிட, அந்தப் படிகள் முடியாமல் இறங்கிக்கொண்டே போவதை எழுதினால் வாசிப்பவருக்கு நம்பிக்கை வரும். பாட்டு என்றால் மெட்டையும் குரலையும், வீடியோ கேம் என்றால் ஆடுபவரை அது எதைச் செய்ய விடுகிறது, எதைச் செய்ய விடவில்லை என்பதையும் பாருங்கள்.

கேள்வி: கதைச்சுருக்கமே பாதிக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறது.

படித்துவிட்ட ஒருவருக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்திகள் "அதன் பிறகு" என்று தொடங்கினால் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பத்தியின் முதல் வாக்கியத்தில் உங்கள் கருத்து இருக்கட்டும், சம்பவம் அதற்குச் சான்றாகப் பின்னால் வரட்டும்.

கேள்வி: நான் எடுத்த கருத்துக்கு ஒத்துவராத காட்சி ஒன்று இருக்கிறது. விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள், பெரும்பாலும் நல்ல கட்டுரை அங்கிருந்துதான் பிறக்கிறது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-ல் வெளியானது. "அறிவியல் எல்லை மீறினால் ஆபத்து" என்று அதைப் பற்றி எழுதாதவர் குறைவு. ஆனால் அந்த உயிர் கண் திறந்ததும் படைத்தவன் பயந்து ஓடிவிடுகிறான், அதற்கு ஒரு பெயர்கூட வைப்பதில்லை. பின்னால் அது ஒரு துணை கேட்டு மன்றாடுகிறது. இந்த இடங்களை வைத்துப் பார்த்தால் குற்றம் படைத்ததிலா, கைவிட்டதிலா என்ற கேள்வி வருகிறது. பழைய கருத்தைத் தூக்கி எறிய வேண்டாம், திருத்துங்கள்: ஆபத்து அறிவில் இல்லை, படைத்ததற்குப் பொறுப்பேற்க மறுப்பதில் இருக்கிறது.

கேள்வி: எழுத்தாளர் நினைக்காத கருத்தை நாமே ஏற்றிச் சொல்லலாமா?

படைப்பில் சான்று இருந்தால் சொல்லலாம். "எழுத்தாளர் சொல்ல வருகிறார்" என்பதற்குப் பதிலாக "கதை காட்டுகிறது" என்று எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: பழைய கதையையும் அதன் புதிய வடிவத்தையும் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

மாறியிருக்கும் இடத்தில். ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டால் கட்டுரை நகராது. இராமாயணத்தில் இராமனால் அகலிகை சாபம் நீங்கி எழுகிறாள். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அதற்குப் பிறகும் தொடர்கிறது: சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது இராமன்தான் என்று தெரிந்ததும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். முன்பு கல்லானது அவளுக்குத் தண்டனை, இப்போது அது யார்மீது சொல்லும் தீர்ப்பு? கட்டுரை முழுவதையும் இந்தக் கேள்வியின் மேல் கட்டலாம்.

கேள்வி: மேடம், தேர்வில் இவ்வளவு யோசிக்க நேரமே இல்லையே?

முதல் சில நிமிடங்கள் எழுதாதீர்கள். ஓரத்தில் உங்கள் வாதத்தை ஒரே வாக்கியமாகக் குறியுங்கள், அதற்குக் கீழே இரண்டு காட்சிகள், ஒத்துவராத ஒன்று. முன்னுரையை நீட்ட வேண்டாம், ஆசிரியர் பிறந்த ஊரும் பெற்ற விருதுகளும் வாதத்துக்கு உதவாவிட்டால் தேவையில்லை. நேரம் போதாவிட்டால் முடிவுரையைச் சுருக்குங்கள், அந்த ஒத்துவராத காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.