தொட விடாத பூனை

அன்புள்ள ஐயா,

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சாம்பல் நிறப் பூனை வருகிறது. நான்தான் சாப்பாடு வைக்கிறேன். இதுவரை ஒருமுறைகூடத் தொட விட்டதில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் கிட்ட வரும். கை நீட்டினால் சீறுகிறது. “இதுக்குப் போய்ச் செய்றியே, நாயா இருந்தா இந்நேரம் காலைச் சுத்தியிருக்கும்” என்கிறார் என் கணவர். பக்கத்து வீட்டுக்காரர், இது காட்டுப்பூனை, வியாதி பரப்பும், குருவிகளைப் பிடிக்கிறது, சாப்பாட்டை நிறுத்துங்கள் என்று சண்டைக்கே வந்துவிட்டார். என் மகளோ, பாவம் அது, வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று தினமும் கேட்கிறாள். நான் செய்வது சரிதானா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. நீங்கள் பூனைகளைப் பற்றி அவ்வப்போது எழுதுவதால் கேட்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று பேரும் ஒரே பூனையைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் கணவருக்கு அது நன்றி கெட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை, மகளுக்கு அநாதை. பூனை என்னவோ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பெயரைச் சரிசெய்துவிடுவோம். காட்டுப்பூனை வேறு இனம். நாணல் புதர்களிலும் நீர்நிலை ஓரங்களிலும் வாழ்வது. நீண்ட கால், குட்டை வால். உங்கள் வீட்டுப் பின்பக்கம் வருவது சாதாரண வீட்டுப்பூனை இனம்தான். பிறந்ததிலிருந்து மனிதர் கைபடாமல் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்குத் தனியாக ஒரு சொல் தமிழில் புழக்கத்தில் இல்லை. தெருப்பூனை என்றால், மடியில் வந்து படுக்கும் தெருப்பூனையும் அதில் அடங்கிவிடுகிறது. நான் வீட்டில் ‘கூச்சப்பூனை’ என்று சொல்வேன். வேறு நல்ல சொல் இருந்தால் யாராவது எழுதுங்கள்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், குட்டிப் பருவத்திலிருந்து. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய ஏழாவது வாரம் வரைக்கும்தான் குட்டியின் மனம் முழுதாகத் திறந்திருக்கும். அந்த நாட்களில் மனிதர் கையில் புழங்கிய குட்டிக்கு நாம் சொந்தம். அந்த நாட்கள் கழிந்துவிட்டால் நாம் அதற்குப் பெரிய உருவம் கொண்ட இன்னொரு மிருகம். பிறகு பழக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன், வருடக்கணக்கில் காத்திருந்து பழக்கியவர்கள் உண்டு. ஆனால் வளர்ந்த பூனையிடம் அதை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. தொலைந்துபோன வளர்ப்புப் பூனையும் முதலில் இப்படித்தான் பயந்து ஒளியும். ஆனால் அது பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ குரல் கொடுத்துக்கொண்டு கிட்ட வந்துவிடும். ஒன்றரை வருடம் ஆகியும் கதவு சாத்தினால்தான் வருகிறது என்றால் உங்களுடையது அந்த வகை இல்லை.

இதை நான் தெரிந்துகொண்டது நல்ல விதமாக அல்ல. சில வருடங்களுக்கு முன் உங்கள் மகளைப் போலவே நானும் நினைத்தேன். மதிலில் வந்து உட்காரும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெண் பூனையை, மழைக்காலம் வருகிறதே என்று, கூண்டு வைத்துப் பிடித்து வீட்டுக்குள் விட்டேன். நேராகத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டது. பகலில் சாப்பிடவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு கிண்ணம் காலியாகும். நான் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளை அதற்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், குரல் பழகட்டுமே என்று. இரண்டு வாரத்தில் நக்கி நக்கியே வயிற்றுப் பக்கம் முடியெல்லாம் போய்விட்டது. பத்தொன்பதாம் நாள் இரவு பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். காலையில் மதிலில் இருந்தது. எப்போதும் உட்காரும் அதே இடம், அதே தூரம். என்னைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறந்தது. பூனை பாஷையில் அது பகையில்லை என்பதற்கு அடையாளம். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். குட்டிகள் கிடைத்தால் அது வேறு விஷயம். ஆறு, ஏழு வாரத்துக்குள் என்றால் தாராளமாக வீட்டுக்குள் கொண்டுவந்து பழக்கலாம்.

உங்கள் கணவருக்கு ஒன்று. பூனை நம்மிடம் வந்தது கொஞ்சப்படுவதற்காக அல்ல. மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவுக்குப் பூனை சொந்தப் பிராணி கிடையாது, யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். எதற்கு என்று யோசித்துப் பார்க்கச் சுவாரசியமாக இருக்கிறது. உங்கள் பூனை அந்தப் பழைய ஏற்பாட்டில்தான் இன்னும் இருக்கிறது. நேரத்துக்கு வருகிறது, தின்கிறது, போகிறது. இதில் துரோகம் எங்கே?

இனி பக்கத்து வீட்டுக்காரர். அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதி கொஞ்சம் கனமானது.

பூனை குருவி பிடிக்கும். வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்று பூனைப் பிரியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். பசி வேறு, வேட்டைக் குணம் வேறு. அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாக 2013-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதில் பெரும்பகுதி வளர்ப்பவர் இல்லாத பூனைகளின் கணக்கு. தீவுகளில் நிலைமை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவில், எலித் தொல்லைக்காக 1949-ல் ஐந்தே ஐந்து பூனைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். 1977-ல் அவை ஏறத்தாழ 3,400. கடற்பறவைகளை வருடத்துக்கு லட்சக்கணக்கில் தின்றன. கடைசியில் நோய்க் கிருமி, துப்பாக்கி, பொறி, விஷம் எல்லாவற்றையும் பிரயோகித்து, 1991 வாக்கில்தான் பூனை இல்லாத தீவாக்க முடிந்தது. அந்தப் பூனைகள் செத்த விதத்தைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. பறவைகளின் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

சரி, அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தினால் பூனை மறைந்துவிடுமா? மறையாது. குப்பைத் தொட்டிக்குப் போகும், இன்னும் அதிகமாக வேட்டையாடும். பிடித்துக் கொண்டுபோய் வேறெங்காவது விட்டால், காலியான இடத்துக்கு இரண்டு புதுப் பூனைகள் வரும். இடத்தில் தீனி இருக்கும்வரை ஆள்தான் மாறும்.

மரியன் தீவில் ஐந்து எப்படி மூவாயிரமானது என்று பாருங்கள். நான்கைந்து மாத வயதிலேயே பெண் பூனை சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை. அதனால்தான், உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு சொல் எனக்கு உறுத்தியது: கருத்தடை. ஒன்றரை வருடம் சாப்பாடு வைத்திருக்கிறீர்கள், அது ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கருத்தடை செய்யாமல் சாப்பாடு மட்டும் போடுவது அடுத்த வருடத்துப் பூனைகளுக்கும் சேர்த்துப் போடுவதுதான். நீங்கள் செய்வதில் தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் புகார்களில் பலவும் இதோடு சேர்ந்தவை. நடு ராத்திரி ஓலம், மதிலில் மூத்திர நாற்றம், சண்டை எல்லாம் பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவன்களின் வேலை. அறுவைக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போதே வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியும் போட்டுவிடலாம். பூனைக்கும் அந்த நோய் வரும். அதனால்தான் கை நீட்டாதீர்கள் என்கிறேன். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சில்லறை விஷயங்களும் உண்டு. சாப்பாட்டை ஒரே நேரத்தில், பகலில் வையுங்கள். அரைமணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிடுங்கள். எறும்பு, எலி, பக்கத்து வீட்டுக்காரர் மூன்றும் வராது. பால் வேண்டாம், வளர்ந்த பூனை பலவற்றுக்கு அது செரிக்காது. தண்ணீர் போதும். நாய்த் தீனியே போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும். உடம்பு சரியில்லை என்று நம் மாத்திரையைப் பொடித்துக் கலக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்வி இங்கே நிஜமாகவே வருகிறது. தொட முடியாத பூனையை மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோவது? கூண்டுதான். மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொண்டு, கூண்டு வைக்கும் நாளில் வழக்கமான சாப்பாட்டை வைக்காதீர்கள். வாசனை தூக்கலான தீனியைக் கூண்டின் கடைசி முனையில் மட்டும் வையுங்கள். கதவு விழுந்ததும் உள்ளே ஒரு பிரளயம் நடக்கும், கம்பியில் மோதும், பார்க்கச் சகிக்காது. கனமான துணி ஒன்றை மேலே போர்த்திவிடுங்கள். இருட்டு வந்ததும் அப்படியே அடங்கிவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நாளைக்குச் சாப்பாடு வைத்துவிட்டுக் கதவு இடுக்கு வழியாக அதன் காதுகளைப் பாருங்கள், முக்கியமாக இடது காதை. கருத்தடை செய்த பூனைக்கு, மயக்க மருந்தில் இருக்கும்போதே காது நுனியில் ஒரு சென்டிமீட்டர் போல நேராக வெட்டிவிடுவார்கள், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியட்டும் என்று. சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், இது கத்தரித்தது போல நேராக இருக்கும். அப்படி இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதற்காகக் கூண்டு தூக்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.